எட்டு ஜிபி வாங்கியும் மூன்றரை ஜிபிதான்: காசிமேட்டு வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 மே மாதம், கடைசி வாரம். ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் இருபது நாள் இருந்தது. சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. அந்த 61 நாளும் துறைமுகத்தை நம்பி இருக்கும் வீடுகளில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தான் எடுப்பார்கள். அந்த நேரத்தில்தான், துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். படகுக் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவரின் வீடு. அவருடைய மூத்த பெண் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்துப் பதிவேற்ற வேண்டும். பக்கம் திறந்து ஃபைலைத் தேர்ந்தெடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடுகிறது. மூன்று நாளாக இதே கதை.

"புதுசே வாங்கிடலாமான்னு பாக்கறேன் தம்பி. முப்பத்திரண்டாயிரம் சொல்றாங்க. தவணையில தரேன்னு சொல்றான்" என்றார் அண்ணன்.

"ரெண்டு நாள் கொடுங்கண்ணே. என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன்.

முதல் வேலையாக, அந்தப் பெண்ணை என் லேப்டாப்பில் உட்காரவைத்து விண்ணப்பத்தை முடிக்கச் சொன்னேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கெடு தேதி தலைக்கு மேல் நிற்கும்போது கம்ப்யூட்டரை ஆராய உட்காரக்கூடாது. அவசரத்தில் கை எதையாவது அழித்துவிடும். வேலையை வேறு எங்காவது முடித்துவிட்டு, நிதானமாக இதைத் திறக்க வேண்டும்.

முன்கதை

2014-இல் வாங்கிய அசெம்பிள்டு டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ3, நான்காம் தலைமுறை. எச்81 வகை மதர்போர்டு. 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வாங்கும்போது 4 ஜிபி ரேம், டிடிஆர்3, ஒரே குச்சி. 2022-இல் ஸ்லோவாக இருக்கிறது என்று ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஃபார்மட் அடித்து விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு 700 ரூபாய். கூடவே 4 ஜிபி ரேம் ஒன்று சேர்த்ததற்கு 1,400. பிறகு இரண்டு தடவை "மெமரி க்ளீன்" செய்ததற்கு 500, 500. கம்ப்யூட்டரை வேகமாக்கும் என்று ஒரு க்ளீனர் சாஃப்ட்வேருக்கு 999. மொத்தம் 4,099 ரூபாய். ரசீதுகளை எல்லாம் அந்த வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். அந்தக் கவர் இல்லாவிட்டால் இந்த ஆய்வில் பாதி எனக்குத் தெரிந்திருக்காது.

"மெமரி ஃபுல்லுன்னு சொன்னாங்க தம்பி. க்ளீன் பண்ணாங்க. ஒரு வாரம் பரவால்ல மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதேதான்" என்றார் அக்கா.

பிரச்சினையின் வேரில் பாதி இந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் மெமரி என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்குப் பயன்படுத்துகிறோம். போனில் போட்டோ எடுக்க இடம் இல்லையென்றால் மெமரி ஃபுல். கம்ப்யூட்டரில் நாலு ஜன்னல் திறந்தால் திணறுகிறது என்றால் அதுவும் மெமரி. முதலாவது சேமிப்பு இடம், அதாவது டிஸ்க். இரண்டாவது ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைக் கையருகே வைத்துக்கொள்ளும் இடம். இரண்டும் வெவ்வேறு பொருள், வெவ்வேறு விலை, வெவ்வேறு வைத்தியம். கடையில் க்ளீன் செய்தது டிஸ்க்கை. நான் போய்ப் பார்த்தபோது 500 ஜிபி டிஸ்க்கில் (விண்டோஸ் அதை 465 என்று காட்டும்) 330 ஜிபி காலியாக இருந்தது. நிரம்பாத இடத்தைத்தான் இரண்டு தடவை காசு வாங்கிக்கொண்டு காலி செய்திருக்கிறார்கள். அந்தச் சுத்தத்தில் பழைய ஸ்கூல் ப்ராஜெக்ட் ஃபோல்டர் ஒன்றும் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் வாடியது.

முதல் அளவுகள்

நான் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டும் போனில் ஸ்டாப்வாட்ச்சும் எடுத்துக்கொள்வேன். ஸ்லோ என்பது ஒருவரின் உணர்வு. செய்த வேலை பலித்ததா இல்லையா என்று சொல்ல எண் வேண்டும்.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் கொடுத்து அளந்தேன். வெறும் ஷட் டவுன் போதாது. விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் செய்தால் சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த தடவை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் முழுதாக முதலிலிருந்து எழும். டெஸ்க்டாப் தெரிய 4 நிமிடம் 10 வினாடி. குரோமைத் திறந்து ஒரு பக்கம் முழுதாக வரும் வரை சேர்த்து 9 நிமிடம் 20 வினாடி. அண்ணனின் படகுக் கணக்கு எக்செல் ஃபைல் திறக்க 41 வினாடி.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். குரோமில் மூன்று டேப் மட்டும்தான் இருந்தது. ப்ராசஸர் 15 சதவீதம். மெமரி 91 சதவீதம், 3.4 ஜிபியில் 3.1. டிஸ்க் 100 சதவீதம். டிஸ்க் 100 என்று இருக்கும் இடத்தில் நிறையப் பேர் நின்றுவிடுவார்கள். அதற்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும். டிஸ்க் நூறு சதவீதம் வேலை செய்துகொண்டிருந்தபோது அது படித்தது வினாடிக்கு 0.9 எம்பி மட்டும். ஒரு கோரிக்கைக்குப் பதில் வர ஆன சராசரி நேரம் 700 முதல் 1,400 மில்லிவினாடி.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருக்கும்போது பார்த்திருப்பீர்கள். ரோடு முழுக்க வண்டி, இன்ஜின் எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஒரு வண்டியும் நகரவில்லை. அந்த டிஸ்க் அப்படித்தான் இருந்தது. ப்ராசஸர் 15 சதவீதத்தில் சும்மா காத்துக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கினால் கிடைப்பதில் பெரிய பங்கு புது ப்ராசஸருக்குத்தான் போகும். இந்த வீட்டில் அது இடைஞ்சலே இல்லை.

ஹார்டு டிஸ்க் ஏன் இப்படி ஆகிறது? நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு அது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லிவினாடி. ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் ஒரு 9. ஆக ஒரு தேடலுக்கு 13 மில்லிவினாடி, வினாடிக்கு எழுபத்தைந்து தேடல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 4 கேபி என்ற சிறு துண்டாக இருந்தால் வினாடிக்கு 300 கேபிதான் வரும். பெரிய சினிமா ஃபைலை நேராகப் படிக்கும்போது இதே டிஸ்க் வினாடிக்கு நூறு எம்பிக்கு மேல் தரும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்டால் மூச்சு வாங்கும். அப்படிச் சிதறிய துண்டுகளை இவ்வளவு அவசரமாகக் கேட்பது யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

ஏலத் தரையும் ஐஸ் ரூமும்

அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை.

"அண்ணே, ரேமுங்கறது உங்க ஏலம் விடுற தரை மாதிரி. கூறு போட்டு வெச்சா கண்ணுக்கு முன்னாடியே இருக்கும், கைய நீட்டி எடுத்துக்கலாம். டிஸ்க்குங்கறது ஐஸ் ரூம். நிறைய கொள்ளும். ஆனா ஒரு கூடை வேணும்னா ஆள் உள்ள போய்த் தேடி எடுத்துட்டு வரணும்."

"சரி."

"தரை சின்னதா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"இருக்கறத உள்ள தள்ளிட்டு, வேற கூடைய வெளிய எடுத்துட்டு வருவோம். மறுபடி அது வேணும்னா இத உள்ள தள்ளணும்." கொஞ்சம் யோசித்தார். "ஆள் அலைஞ்சிட்டே இருப்பான். வியாபாரம் நடக்காது."

இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது. ரேமில் இடம் போதவில்லையென்றால் விண்டோஸ் அதிலிருக்கும் தகவல் துண்டுகளை (பக்கங்கள் என்பார்கள்) டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற இடத்துக்குத் தள்ளும், வேண்டும்போது திருப்பி எடுக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் கமிட்டட் என்று ஓர் எண் இருக்கும். இந்தக் கம்ப்யூட்டரில் அது 5.8 ஜிபி. அதாவது ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து 5.8 ஜிபிக்கு வாக்குறுதி வாங்கி வைத்திருக்கின்றன. கையில் இருப்பதோ 3.4. மிச்சத்தை டிஸ்க்கின் தலையில் கட்ட வேண்டியதுதான். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு போதும். ஹார்டு டிஸ்க்குக்கு நூறில் ஒரு பங்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். ஐஸ் ரூமைப் பெருக்கிச் சுத்தம் செய்தால் ஏலத் தரை எப்படிப் பெரிதாகும்?

அந்த 999 ரூபாய் க்ளீனரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேம் பூஸ்ட் என்று ஒரு பட்டன். அழுத்தினால் 91 சதவீதம் 60-க்கு இறங்கிக் காட்டும், பார்க்க ஆறுதலாக இருக்கும். அது செய்வது, ஓடும் மென்பொருள்களை அவற்றின் இடத்தைவிட்டு வலுக்கட்டாயமாக நகர்த்துவது. அடுத்த நிமிடம் அந்த மென்பொருளுக்கு அதே பக்கம் வேண்டும், டிஸ்க்கிலிருந்து மறுபடி வர வேண்டும். டிஸ்க்தான் இடைஞ்சலாக இருக்கும் வீட்டில் அந்தப் பட்டன் நிலைமையை மோசமாக்கும். ரேம் நிரம்பி இருப்பது தப்பில்லை. சும்மா கிடக்கும் ரேமில் விண்டோஸ் முன்கூட்டியே ஃபைல்களை எடுத்து வைத்துக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். கமிட்டட் எண் கையிருப்பைத் தாண்டி எகிறி, டிஸ்க்கும் நூறில் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த க்ளீனரையும், இரண்டு ஆன்டிவைரஸ்களையும், தானாக எழும் ஏழெட்டு மென்பொருள்களையும் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை மட்டும் விட்டேன். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே ஃபைலை இரண்டும் திறந்து சோதிக்கும். 9 நிமிடம் 20 வினாடி 6 நிமிடம் 5 வினாடி ஆனது. காசு செலவில்லாமல் மூன்று நிமிடம். இருந்தாலும் ஆறு நிமிடம் காத்திருப்பதை யாரும் சரி என்று சொல்ல மாட்டார்கள்.

காணாமல் போன குச்சி

இப்போது அக்காவின் ரசீதுக்கு வருவோம். 2022-இல் கூடுதலாக 4 ஜிபி ரேம். பழையதும் புதியதும் சேர்த்து 8 இருக்க வேண்டும். சிஸ்டம் பக்கத்தில் எழுதியிருந்தது, இன்ஸ்டால்டு ரேம் 4.00 ஜிபி (3.45 ஜிபி யூசபிள்). டாஸ்க் மேனேஜரில் ஸ்லாட்ஸ் யூஸ்டு, 1 ஆஃப் 2.

கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் மனசுக்குள் அதுதான் ஓடியது. பவர் கேபிளைப் பிடுங்கி, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஸ்க்ரூக்கள் துருவேறி இருந்தன. நான்கில் ஒன்று தலை மழுங்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே பார்த்தால் இரண்டு குச்சிகளும் இருந்தன. கடைக்காரர் ரேமைப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் அவசரப்பட்டுவிட்டோம்.

இரண்டு குச்சி, இரண்டு ஸ்லாட். எதில் கோளாறு என்று தெரிய ஒவ்வொரு குச்சியையும் தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும், நான்கு சோதனை. பழைய குச்சி இரண்டு ஸ்லாட்டிலும் ஓடியது. புதியது இரண்டிலும் ஓடவில்லை. ஆக ஸ்லாட் நன்றாக இருக்கிறது, புதிய குச்சியில்தான் விஷயம்.

அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரேமின் அடிப்பக்கம் வரிசையாகத் தங்க முலாம் பூசிய சிறு பட்டைகள் இருக்கும். நல்ல ரேமில் அவை மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். இதில் நடுவில் ஒரு பத்துப் பதினைந்து பட்டைகள் மங்கி, ஓரத்தில் பச்சை கலந்த பழுப்புப் புள்ளிகள். காசிமேட்டில் ஜன்னல் கிரில் எப்படி இருக்கும் என்று அங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பெயின்ட் அடித்து இரண்டு வருடம் தாங்காது. அதே உப்புக்காற்றுதான் இதையும் அரித்திருக்கிறது. விலை குறைந்த ரேம்களில் தங்க முலாம் மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். ஈரமும் உப்பும் அதன் வழியாக உள்ளே போய், கீழே இருக்கும் நிக்கலையும் செம்பையும் தின்னும். அந்த அரிப்பு மேலே வந்து படிந்துவிட்டால் மின்சாரம் கடக்காது.

வெள்ளை நிற மென்மையான ரப்பர் ஒன்று வாங்கி வரச் சொன்னேன், ஐந்து ரூபாய். கேபினட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, குச்சியை ஓரத்தில் பிடித்துக்கொண்டு, பட்டைகளின் நீளவாக்கில் மட்டும் மெதுவாகத் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் ஓரத்தில் பிசிறு கிளம்பும். அழுத்தித் தேய்த்தால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். ரப்பர் துகளைத் தட்டிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, ஸ்லாட்டிலும் தூசியைத் தள்ளிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று விழும் வரை அழுத்தினேன். ஆன் செய்தால், விண்டோஸ் எழும் முன் வரும் பயாஸ் திரையில் 8192 எம்பி, அதாவது 8 ஜிபி.

அந்தப் பெண் "வந்துடுச்சு ணா" என்று கத்தியே விட்டாள். அன்று இரவு முழுக்க மெமரி சோதனை ஓடவிட்டேன், ஒரு பிழையும் வரவில்லை.

எட்டு இருந்தும் மூன்றரை

காலையில் விண்டோஸ் எழுந்தது. அளந்தேன். 6 நிமிடம் 2 வினாடி. ஒரு மாற்றமும் இல்லை.

சிஸ்டம் பக்கத்தைத் திறந்தால், இன்ஸ்டால்டு ரேம் 8.00 ஜிபி (3.45 ஜிபி யூசபிள்). அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் அசையவே இல்லை. அதற்கு இரண்டு வரி கீழே விடை இருந்தது. 32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசஸர். அதாவது ப்ராசஸர் 64-பிட்டைத் தாங்கும், விண்டோஸ்தான் 32-பிட். முந்தின நாளே இதே பக்கத்தைப் பார்த்தேன். மேலே இருந்த எண்ணில் கண் நின்றுவிட்டதால் கீழ் வரியைப் படிக்கவில்லை. படித்திருந்தால் ஒரு இரவு மிச்சமாகியிருக்கும்.

2022-இல் ஃபார்மட் அடித்தபோது 32-பிட் விண்டோஸைப் போட்டுவிட்டார்கள். நினைவகத்தில் இருக்கும் ஒவ்வொரு பைட்டுக்கும் வீட்டுக் கதவு எண் போல ஓர் எண் வேண்டும். 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அதுதான் 4 ஜிபி. வீடுகளுக்கான விண்டோஸ் 10-இன் 32-பிட் பதிப்பு அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அந்தக் கதவு எண்களிலும் ஒரு பகுதி கிராபிக்ஸ் முதலான உறுப்புகளுக்குப் போய்விடும். மிஞ்சுவதுதான் அந்த 3.45. எட்டு போட்டாலும் பதினாறு போட்டாலும் அதே 3.45 தான்.

இதன் பொருளை அக்காவிடம் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 1,400 ரூபாய் கொடுத்து வாங்கிய ரேம், வாங்கிய முதல் நாளிலிருந்தே ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. அரிப்பு பிடித்தது பிறகு நடந்த கதை. ரேம் உள்ளே இருந்தது, திரையில் 8 என்றும் காட்டியது, கடையில் அதைக் காட்டிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருந்த பென் டிரைவில் 32-பிட் இருந்திருக்கும், அதைப் போட்டிருப்பார்கள். ஆனால் ரேம் விற்கும்போது அந்த அடைப்புக்குறியைப் பார்ப்பது விற்பவரின் கடமை. தடைக்காலத்தில் 1,400 ரூபாய் என்றால் அந்த வீட்டில் எத்தனை நாள் செலவு என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு அப்படியே மாற வழியில்லை. புதிதாகத்தான் போட வேண்டும். புதிதாகப் போடுவதென்றால் எந்த டிஸ்க்கில் போடுவது?

டிஸ்க்கின் உடல்நிலை

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளை அது படித்துக் காட்டும். நீல நிறம் வர வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் காஷன். சி5 என்ற வரியில் 38. அந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறின் அடிமானத்தில் எண்ணைக் காட்டும், நம் கணக்கில் அது 56. படிக்கத் திணறி, அப்புறம் பார்க்கலாம் என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கும் 56 இடங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் தெரு, யுபிஎஸ் இல்லை. பத்து வருட டிஸ்க்குக்கு இது ஆச்சரியமில்லை. 700 மில்லிவினாடிக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒரு இடம் படிக்க வரவில்லையென்றால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும், பின்னால் நிற்கும் கோரிக்கை எல்லாம் காத்திருக்கும்.

இந்த நிலையில் இருக்கும் டிஸ்க்கில், சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் ஓட்டாதீர்கள். முழு மேற்பரப்பையும் சோதிக்கும் செக் டிஸ்க்கையும் முதலில் ஓட்டாதீர்கள். மணிக்கணக்கில் ஊசியை அலையவிட்டால் இருப்பதும் போகலாம். முதலில் நகல் எடுக்க வேண்டும், அதுவும் முக்கியமானது முதலில். நான் எடுத்த வரிசை: சான்றிதழ்கள், படகுக் கணக்கு, அப்புறம் போட்டோக்கள், வீடியோ கடைசி. மொத்தம் 84 ஜிபி. மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது இரவு ஒரு மணிக்கு முடிந்தது. ஒரு ஃபோல்டரில் வந்து நின்றுவிட்டது. அண்ணனின் அம்மா இருந்த காலத்தில் எடுத்த படங்கள். அதில் மூன்று படமும் ஒரு வீடியோவும் வரவில்லை. அந்த ஃபோல்டரைத் தனியே விட்டு, மற்றதை முடித்துவிட்டு, டிஸ்க்கை ஆறவிட்டு, மறுநாள் ஒவ்வொரு படமாக முயன்றேன். இரண்டு படம் வந்தது. மூன்றாவதும் வீடியோவும் வரவில்லை. டிஸ்க்கை அக்காவிடமே கொடுத்து, அதைத் தூக்கிப்போட வேண்டாம், இனி மின்சாரமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். டேட்டா மீட்பவர்களிடம் போக ஒரு காலம் வந்தால் அது வேண்டும்.

செய்த வேலை

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனோம். நானும் அந்தப் பெண்ணும் அண்ணனும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போட 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 1,500 ரூபாய். கேபிள் 60, பயாஸ் பேட்டரி 30, தெர்மல் பேஸ்ட் 120. ஆல்கஹால் புட்டி 80, ரப்பர் 5 ஏற்கெனவே வாங்கியது. மொத்தம் 1,795. ரேம் வாங்கவில்லை, வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அதே ஆண்டு இறுதியில் ரேம் விலை உலகம் முழுக்க எகிறியதைப் பார்த்தபோது அந்த ஐந்து ரூபாய் ரப்பரை நினைத்துக்கொண்டேன்.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை, நகரும் ஊசி இல்லை. ஒரு தேடலுக்கு ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஹார்டு டிஸ்க்கின் 13-ஐ நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் வித்தியாசம் புரியும். எச்81 போர்டில் டிஸ்க்கைச் செருகும் நான்கு சாட்டா துளைகளில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம், மற்ற இரண்டும் 3. போர்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வேகமானதில் செருகினேன். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியைக் கொண்டு 64-பிட் விண்டோஸ் 10 தயார் செய்து போட்டேன். பதிப்பு ஒன்றாக இருந்தால் 32-பிட்டுக்கு வாங்கிய உரிமமே 64-பிட்டுக்கும் செல்லும், அதற்கு மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை.

திறந்தது திறந்ததுதான் என்று ப்ராசஸர் விசிறியில் கம்பளி போல் படிந்திருந்த தூசியை எடுத்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் புதிதாக வைத்தேன். கத்திரி வெயிலில் 91 டிகிரி வரை போனது 66-இல் நின்றது. பயாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போய்க்கொண்டிருந்தது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான வலைத்தளங்கள் திறக்க மறுக்கும், அதுவும் சரியானது. பேஜ் ஃபைலை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டுவிட்டேன். எஸ்எஸ்டி போட்டால் அதை அணைத்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அணைத்தால் ரேம் நிரம்பும் நாளில் மென்பொருள்கள் சேமிக்காமலே மூடிக்கொள்ளும்.

ரீஸ்டார்ட்டிலிருந்து குரோமில் பக்கம் முழுதாக வரும் வரை 47 வினாடி. எக்செல் 4 வினாடி. பத்து டேப் திறந்து, எக்செலும் திறந்து வைத்தபோது மெமரி 8-இல் 5.1 ஜிபி, டிஸ்க் 2 சதவீதம். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணக்கு ஃபைலை மூடி மூடித் திறந்து பார்த்தார். ஐந்தாறு தடவை இருக்கும். ஒன்றும் பேசவில்லை.

பிறகு

விண்டோஸ் 11-க்கு இந்த ப்ராசஸர் தகுதி பெறாது. இன்டெலில், ஒரு சில விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியும் என்பதை மே மாதமே வீட்டில் சொல்லிவிட்டேன். அக்டோபரில் போய், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். அது 2026 அக்டோபர் 13 வரை ஓடும். அதற்குப் பின் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடலாமா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. அண்ணனின் எக்செல் கணக்குகள் லிப்ரேஆஃபிஸில் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று அவளே ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறாள்.

கேபினட்டைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்சுவர் பக்கம் மாற்றினோம். தரையில் இருந்ததை ஸ்டூல் மேல் ஏற்றினோம். 2023 டிசம்பர் மிச்சாங் புயலில் தண்ணீர் உள்ளே வந்தபோது கட்டில் மேல் தூக்கி வைத்துத்தான் இதைக் காப்பாற்றினார்களாம். உபயோகம் இல்லாவிட்டாலும் தினமும் அரைமணி நேரம் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது.

நவம்பரில், மழை நடுவே, மறுபடி போய் அளந்தேன். 49 வினாடி. ஸ்லாட்ஸ் யூஸ்டு, 2 ஆஃப் 2. அடைப்புக்குறிக்குள் 7.9. அக்கா அந்தப் பிளாஸ்டிக் கவரில் 1,795 ரூபாய் ரசீதுகளையும் சேர்த்து வைத்திருந்தார். நோட்டிலிருந்து என் அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, அதையும் மடித்து உள்ளே வைத்தார். அடுத்த தடவை கழற்றி ரேமின் பட்டைகளைப் பார்க்க ஏப்ரல் 15 என்று குறித்திருக்கிறோம். அன்றைக்குத்தான் அண்ணன் வீட்டில் இருப்பார்.